மஞ்சள் நட்சத்திரமும் ஒரு சைக்கிளும்

நாஜிகளுக்குப் பயந்து ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் தன் டைரியில் எழுதியதில் உலகத்துக்கே தெரிந்த வரி ஒன்று உண்டு. இவ்வளவு நடந்த பிறகும் மனிதர்கள் மனசளவில் நல்லவர்கள்தான் என்று தான் இன்னும் நம்புவதாக அவள் எழுதிய வரி. பள்ளிக்கூடச் சுவரில், நாட்காட்டியில், வாட்ஸ்அப் காலை வணக்கத்தில்கூட அது வந்துவிடுகிறது. எழுதியபோது அவளுக்கு 15 வயது. தேதி 1944 ஜூலை 15. அந்த வரியை ஒட்டியே, உலகம் மெல்ல மெல்லப் பாலைவனமாவதைப் பார்ப்பதாகவும், தங்களையும் அழிக்கப்போகும் இடிமுழக்கம் நெருங்கி வருவது காதில் விழுவதாகவும் எழுதியிருக்கிறாள். சுவரில் ஒட்டுகிறவர்கள் அந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். எழுதிய இருபதாம் நாள் போலீஸ் வந்து, ஒளிந்திருந்த எட்டுப் பேரையும் பிடித்துக்கொண்டு போனது.

ஹிட்லரின் நாஜி ஆட்சி நடத்திய யூத இன அழிப்பில் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் சுமார் 15 லட்சம் பேர் குழந்தைகள். இந்த எண்களை மனசு வாங்கிக்கொள்வதில்லை. அங்கே இருந்தவர்கள் எழுதிவைத்த புத்தகங்கள்தான் நம்மை அந்த எண்களிலிருந்து ஒரு சைக்கிளுக்கும், ஒரு பூனைக்கும், ஒரு தூக்கு சூப்புக்கும் கூட்டிக்கொண்டு வருகின்றன. தப்பெண்ணம், அன்பு, சுதந்திரம் என்ற மூன்று சொற்களையும் நான் ஓரளவு புரிந்துகொண்டது இந்தச் சாமான்களை வைத்துத்தான். அதனால் அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

டைரி கைக்கு வந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. 1942 ஜூன் 20 அன்று ஆன் ஒரு பட்டியல் போடுகிறாள். 1940 மே மாதம் ஜெர்மனி நெதர்லாந்தைப் பிடித்த பிறகு யூதர்களுக்கு வரிசையாக வந்த தடைகள் அவை. யூதர் என்று காட்டும் மஞ்சள் நட்சத்திரத்தை உடையில் அணிய வேண்டும். சைக்கிளை ஒப்படைத்துவிட வேண்டும். டிராமில் ஏறக் கூடாது. சொந்தக் கார் இருந்தாலும் அதில் போகக் கூடாது. கடைக்கு மத்தியானம் 3 மணியிலிருந்து 5 மணிக்குள் போய் வந்துவிட வேண்டும். இரவு 8 மணிக்கு மேல் சொந்த வீட்டுத் தோட்டத்தில்கூட உட்காரக் கூடாது. சினிமா கிடையாது, நீச்சல் குளம் கிடையாது, கிறிஸ்தவர்கள் வீட்டுக்குப் போக முடியாது. அவளுடைய தோழி ஒருத்தி, எதைச் செய்தாலும் அது தடை செய்யப்பட்டதாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது, அதனால் எதையுமே செய்யத் துணிவதில்லை என்று சொல்வாளாம்.

முதல் முறை படித்தபோது இந்தப் பட்டியலைச் சட்டென்று தாண்டிப் போனேன். யூதர்களை அடைத்துக் கொன்ற முகாம் எப்போது வரும், அங்கே கொண்டுபோகும் ரயில் எப்போது வரும் என்று மனசு அவசரப்பட்டது. இப்போது எனக்கு அந்தப் புத்தகத்திலேயே மிகவும் பயமூட்டும் பக்கம் இதுதான். இதில் எந்தத் தடையும் யாரையும் கொல்லவில்லை. ஒவ்வொன்றாக வந்ததால் ஒவ்வொன்றையும் தாங்கிக்கொள்ள முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் பழகிப்போக அவகாசம் இருந்தது. சைக்கிளை வாங்கிக்கொண்டதற்காக யார் தெருவில் இறங்கிச் சண்டை போடுவார்கள்? நெதர்லாந்தில் இருந்த சுமார் 1,40,000 யூதர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் உயிர் பிழைக்கவில்லை. அதற்கு முன்னால் வந்தது சைக்கிள்.

நான்கு நாள் கழித்து, கொளுத்தும் வெயிலில் பல் டாக்டரைப் பார்க்க நடந்தே போன கதையை எழுதுகிறாள். டிராமின் அருமை இப்போதுதான் தெரிகிறது என்கிறாள். அவளுடைய சைக்கிள் ஏற்கெனவே ஈஸ்டர் விடுமுறையில் திருடு போயிருந்தது. அம்மாவின் சைக்கிளை அப்பா தெரிந்த கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றிடம் பத்திரமாகக் கொடுத்துவைத்திருந்தார். யூதர்களுக்கு மிச்சம் இருந்த வாகனம் படகு ஒன்றுதான். கேட்டதும் படகுக்காரர் மறுக்காமல் ஏற்றிக்கொண்டார். அவர் பெயரை அவள் எழுதவில்லை. நாங்கள் படும் பாட்டுக்கு இந்த ஊர்க்காரர்களைக் குற்றம் சொல்ல முடியாது என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறாள்.

ஜெர்மனிக்குள்ளேயே, டிரெஸ்டன் நகரத்தில், இன்னொருவர் டைரி எழுதிக்கொண்டிருந்தார். விக்டர் கிளெம்பெரர், 1881இல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர், பிரெஞ்சு இலக்கியப் பேராசிரியர். கிறிஸ்தவராக மாறியவர். முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகச் சண்டை போட்டவர். எதுவும் கணக்கில் வரவில்லை. 1935இல் வேலை போனது. 1942இல் யூதர்கள் வீட்டில் செல்லப் பிராணி வளர்க்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அதை வேறு யாரிடமாவது கொடுத்துக் காப்பாற்றவும் வழி இல்லை. கிளெம்பெரர் வீட்டில் மூஷெல் என்று ஒரு பூனை இருந்தது. அவர் மனைவி ஏவாவே அதைத் தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போய், ஊசி போட்டு முடிக்கும் வரை கூடவே இருந்தார். தலையில் விழும் ஓர் அடியைவிட ஆயிரம் கொசுக்கடி கொடுமையானது, நான் அந்தக் கொசுக்கடிகளைத்தான் குறித்துவைக்கிறேன் என்ற பொருளில் பின்னால் அவர் எழுதினார்.

அவர் குறித்துவைத்த இன்னொன்று பேச்சு. போர் முடிந்ததும், 1947இல், நாஜிகளின் மொழியைப் பற்றித் தனிப் புத்தகமே கொண்டுவந்தார். வெறித்தனமான என்ற பொருள் தரும் ஜெர்மன் சொல் அதுவரை வசைச் சொல்லாக இருந்தது. நாஜி காலத்தில் அதுவே பாராட்டுச் சொல்லாகிவிட்டதைக் காட்டுகிறார். சொற்கள் மிகச் சிறிய அளவில் கொடுக்கப்படும் ஆர்சனிக் விஷத்தைப் போன்றவை, விழுங்கும்போது ஒன்றும் தெரியாது, கொஞ்ச நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும் என்கிறார். நாஜிகளைத் திட்டிக்கொண்டே அவர்களுடைய சொற்களைப் புழங்கியவர்களை, சில சமயம் யூதர்களையேகூட, அவர் கண்டார். தப்பெண்ணம் மனசில் உருவாகி வாய்க்கு வருவதாக நாம் நினைக்கிறோம். வாயிலிருந்து மனசுக்கும் அது போகும் என்று அவரைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

சரி, அந்தப் பாதை முடியும் இடம் எப்படி இருக்கும்? அதைச் சொன்னவர் ப்ரீமோ லெவி. இத்தாலியின் டூரின் நகரத்து வேதியியலாளர். 1944 பிப்ரவரியில் சுமார் 650 பேரோடு ஆஷ்விட்ஸ் என்ற நாஜி முகாமுக்கு ரயிலேற்றப்பட்டார். கையில் 174517 என்று பச்சை குத்தினார்கள். முகாமை ஒட்டிய ரப்பர் தொழிற்சாலைக்கு வேதியியல் தெரிந்த கைதிகள் தேவைப்பட்டதால் அவருக்கு ஒரு தேர்வு வைக்கிறார்கள். தேர்வு வைத்த ஜெர்மானியர், மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து லெவியைப் பார்த்த பார்வையை அவரால் கடைசி வரை மறக்க முடியவில்லை. மீன்தொட்டிக் கண்ணாடிக்கு வெளியே இருந்து, வேறு உலகத்து உயிர் ஒன்றைப் பார்ப்பது போன்ற பார்வை.

தேர்வு முடிந்து திரும்பும்போது நடந்ததுதான் எனக்கு இன்னும் பெரிதாகத் தோன்றுகிறது. கூட வந்தவன் அலெக்ஸ், கைதிகளிலிருந்தே நியமிக்கப்பட்ட கங்காணி. வழியில் ஓர் இரும்புக் கம்பி வடத்தைப் பிடித்துத் தாண்டும்போது அவன் கையெல்லாம் மசி. கையைப் பார்க்கிறான். பக்கத்தில் நிற்கும் லெவியின் தோளில் உள்ளங்கையையும் புறங்கையையும் துடைத்துக்கொள்கிறான். கோபம் இல்லை, கேலி இல்லை. துணி கிடைத்தது, துடைத்தான். அந்தச் செயலை வைத்துத்தான் அவனையும் அவனைப் போன்ற எல்லோரையும் நான் எடைபோடுகிறேன் என்று யாராவது அவனிடம் சொன்னால் அவன் ஆச்சரியப்பட்டுப்போவான் என்கிறார் லெவி. இனத்துவேஷம் என்றால் பல்லைக் கடிக்கும் முகம் ஒன்றுதான் நம் மனசுக்கு வரும். எதிரில் நிற்பவன் மனுஷன் என்ற நினைப்பே எழாத ஒரு சாவகாசமான முகமும் அதற்கு உண்டு.

அந்நியன் எல்லாம் எதிரி என்ற எண்ணம் பலருக்கும் மனசின் அடியில் ஒரு நோய்த்தொற்று போலக் கிடக்கிறது, அது ஒரு சித்தாந்தத்தின் முதல் வாக்கியமாக மாறும்போது சங்கிலியின் கடைசிக் கண்ணியில் முகாம் நிற்கும் என்று தன் புத்தகத்தின் முன்னுரையில் எழுதினார் லெவி. பெரிய பதிப்பகம் அந்தப் புத்தகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது. 1947இல் ஒரு சின்னப் பதிப்பகம் 2,500 பிரதிகள் அச்சிட்டது. யாரும் அப்போது அதைக் கேட்கத் தயாராக இல்லை.

அதே தொழிற்சாலையில்தான் லொரென்ஸோ பெரோனே வருகிறார். இந்த இலக்கியம் முழுவதிலும் என் மனசுக்கு மிக நெருக்கமான மனிதர் இவர்தான். இத்தாலியின் ஃபொஸ்ஸானோ ஊர்க்காரர், யூதர் அல்ல, கைதியும் அல்ல. இத்தாலியக் கம்பெனி ஒன்றோடு அங்கே வேலைக்குப் போயிருந்த கொத்தனார். அதிகம் படிக்காதவர், அதிகம் பேசாதவர். சுவர் எழுப்பும் அவருக்குச் சித்தாளாக லெவியை அனுப்புகிறார்கள். பழக்கமில்லாத லெவி கலவை வாளியைத் தூக்கிக் கொடுக்கும்போது பாதியைக் கொட்டிவிடுகிறார். இந்த மாதிரி ஆட்களை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்று லொரென்ஸோ முணுமுணுக்கிறார். அது லெவியின் சொந்தப் பகுதியான பியட்மான்ட்டின் வட்டார வழக்கு. அதைக் கேட்டுத்தான் லெவி அவரோடு பேச்சுக் கொடுக்கிறார். ஆக, அந்த உறவு தொடங்கியதே ஓர் ஏளனத்தில்.

இரண்டு மூன்று நாளில் லொரென்ஸோ ஓர் அலுமினியத் தூக்கில் சூப் கொண்டுவந்து கொடுத்தார். அப்புறம் ஆறு மாதம், தினமும். தன் பங்கில் மிச்சம் வைத்ததும், கூட வேலை செய்தவர்கள் மிச்சம் வைத்ததும், சமையல்கட்டிலிருந்து எடுத்ததும் எல்லாம் அதில் இருக்கும். ஒரு தடவை இறகோடு ஒரு குருவியின் சிறகுகூடக் கிடந்ததாம். கிழிசல் தைத்த ஓர் உள்சட்டை கொடுத்தார். லெவிக்காக ஊருக்கு அஞ்சலட்டை எழுதிப் போட்டு, பதிலையும் வாங்கித் தந்தார். மாட்டிக்கொண்டால் அவரும் முகாமுக்குள் போக வேண்டியதுதான். பதிலுக்கு எதுவும் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்.

ஒருநாள் சூப்பில் மண்ணும் கூழாங்கல்லும் கிடந்தன. அழுக்காகிவிட்டது, மன்னித்துக்கொள் என்று மட்டும் சொன்னார். போர் முடிந்த பிறகுதான் லெவிக்கு விஷயம் தெரிந்தது. சூப் சேகரித்துக்கொண்டு வரும் வழியில் விமானக் குண்டு பக்கத்திலேயே விழுந்து தூக்கு மண்ணில் புதைந்திருக்கிறது; அவருடைய ஒரு காதின் செவிப்பறை கிழிந்திருக்கிறது. தூக்கைத் தோண்டி எடுத்துக்கொண்டு நேரே வேலைக்கு வந்திருக்கிறார். கொடுக்க வேண்டிய சூப் கையில் இருந்ததே.

தான் உயிர் பிழைத்ததற்கு அந்தச் சூப்பைவிட, முகாமுக்கு வெளியே நேர்மையான ஓர் உலகம் இன்னும் இருக்கிறது என்று லொரென்ஸோ இருந்த இருப்பே நினைவூட்டிக்கொண்டிருந்ததுதான் காரணம் என்று லெவி நம்பினார். தானும் ஒரு மனிதன் என்பதை மறக்காமல் இருந்தது அவரால்தான் என்கிறார். மகளுக்கு லிஸா லொரென்ஸா என்றும் மகனுக்கு ரென்ஸோ என்றும் பெயர் வைத்தார். கதை இதோடு முடிந்தால் நமக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் லொரென்ஸோ ஊருக்கு நடந்தே திரும்பி வந்தபோது உள்ளுக்குள் உடைந்துபோயிருந்தார். அங்கே பார்த்தது அவரை விடவில்லை. கொத்து வேலையை விட்டார், குடித்தார், 1952இல் இறந்தார். லெவி எவ்வளவோ முயன்றும் காப்பாற்ற முடியவில்லை. லொரென்ஸோ அங்கே வேறு சிலருக்கும் உதவியிருந்தது பின்னால்தான் தெரியவந்தது. அதைச் சொல்லிக்கொள்வது சரியல்ல என்று அவர் நினைத்திருக்கிறார்.

கிளெம்பெரரின் மனைவி ஏவாவுக்குத் திரும்ப வருகிறேன். அவர் யூதர் அல்ல, இசை படித்தவர். விவாகரத்து என்று ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் அவருடைய கஷ்டம் தீர்ந்திருக்கும். அவருடைய கணவர் அநேகமாக ரயிலேற்றப்பட்டிருப்பார். ஏவா போடவில்லை. யூதர்களை நெருக்கி அடைத்த வீட்டுக்குக் கணவரோடு குடிபோனார். எழுதிய டைரித் தாள்களை அவ்வப்போது எடுத்துக்கொண்டு, பீர்னா என்ற ஊரில் இருந்த டாக்டர் தோழியிடம் ஒளித்துவைக்கப் போனார். வழியில் சோதனையில் சிக்கியிருந்தால் எல்லோருக்கும் மரணம்தான். இன்று நாம் படிக்கும் அந்தப் பக்கங்கள் ஒவ்வொன்றும் ஏவாவின் பையில் பயணம் செய்தவை.

ஆனால் இந்த எழுத்தாளர்கள் அன்பு எப்போதும் ஜெயிக்கும் என்று எங்கேயும் சொல்லவில்லை. முகாமிலிருந்து உயிர் பிழைத்த எலி வீசலின் ‘இரவு’ நூலில், ரயில் பெட்டிக்குள் எறியப்பட்ட ஒரு துண்டு ரொட்டிக்காக யாரோ ஒரு மகன் தன் அப்பாவின் மேல் பாய்கிறான். வீசலுக்கு அப்போது 16 வயது. புக்கென்வால்ட் முகாமில் அவருடைய அப்பா சாகக் கிடக்கிறார். கடைசியாக மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். அடி விழும் என்ற பயத்தில் மகன் பதில் சொல்லவில்லை. விடிந்து பார்த்தால் அந்த இடத்தில் வேறு யாரோ படுத்திருக்கிறார்கள். அழுகை வரவில்லை. மனசின் அடியாழத்தைத் துழாவிப் பார்த்திருந்தால் ‘அப்பாடா, விடுதலை’ என்பது போல ஏதோ ஒன்று அங்கே கிடைத்திருக்கலாம் என்று எழுதுகிறார். விடுதலை என்ற சொல் இவ்வளவு கொடூரமான இடத்தில் வந்து நான் வேறெங்கும் படித்ததில்லை. மகனிடமிருந்து அப்பாவைப் பறித்ததோடு, அந்தப் பிரிவில் ஒரு நிம்மதியையும் மிச்சம் வைத்தது முகாம். வீசல் அதை ஒளிக்காமல் எழுதியது பெரிய தைரியம்.

வெளியே வந்தவர்களுக்கும் அந்தச் சொல் உடனே வசப்படவில்லை. வியன்னாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் 1945 ஏப்ரல் இறுதியில் முகாமிலிருந்து விடுதலையானார். முதல் நாள் வாசலைத் தாண்டி மெதுவாக நடந்து போகிறார்கள். புல்வெளி வருகிறது, பூக்கள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரிகிறது, உள்ளே ஒன்றும் அசையவில்லை. சுதந்திரம், சுதந்திரம் என்று சொல்லிப் பார்க்கிறார்கள். வருஷக்கணக்காகக் கனவில் சொல்லிச் சொல்லி அந்தச் சொல் தேய்ந்துபோயிருந்தது. ராத்திரி ஒருவரையொருவர் ரகசியமாக விசாரித்துக்கொள்கிறார்கள்: இன்றைக்கு உனக்குச் சந்தோஷமாக இருந்ததா? இல்லை என்றே எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். சந்தோஷப்படுவதையே புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

இன்னொரு நாள், இளம் பயிர் நிற்கும் வயல் ஒன்று குறுக்கே வருகிறது. ஃபிராங்கல் தன்னையறியாமல் விலகி நடக்கப் பார்க்கிறார். கூட வந்த நண்பர் அவர் கையைப் பிடித்து வயலுக்குள்ளேயே இழுத்துக்கொண்டு போகிறார். பயிர் மிதிபடுகிறதே என்று ஃபிராங்கல் தயங்கியதும் அவருக்குக் கோபம் வருகிறது. என் பெண்டாட்டியையும் பிள்ளையையும் விஷவாயு வைத்துக் கொன்றார்கள், நான் நாலு பயிரை மிதிக்கக் கூடாதா? அந்த மனிதரைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. ஃபிராங்கலுக்கும் இழப்பு குறைவில்லை. முகாமின் விடியாத காலை நடைகளில் மனசுக்குள் பேசிக்கொண்டே போன அவருடைய மனைவி டில்லி பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்துவிட்டிருந்தார். ஆனாலும் தனக்கு அநீதி நடந்துவிட்டது என்பதற்காக யாருக்கும் அநீதி செய்ய உரிமை வந்துவிடாது என்று அவர் அந்த இடத்தில் உறுதியாகச் சொல்கிறார். அதே புத்தகத்தில், கைதிகளுக்கு மருந்து வாங்கத் தன் சொந்தப் பணத்தைச் செலவழித்த முகாம் தலைவர் ஒருவரையும் நினைவுகூர்கிறார். முகாம் விழுந்ததும் அந்த நாஜி அதிகாரியை மூன்று ஹங்கேரிய யூத இளைஞர்கள் காட்டில் ஒளித்துவைத்து, அவருக்குத் தீங்கு வராது என்று வாக்கு வாங்கிக்கொண்ட பிறகே அமெரிக்கர்களிடம் ஒப்படைத்தார்களாம். எல்லோரையும் ஒரே கூடையில் போட்டதால் சாகக் கிடந்தவர்கள் அவர்கள். ஆளைப் பார்த்து முடிவெடுத்தார்கள்.

கிளெம்பெரருக்குச் சுதந்திரம் ஒரு பேனாக்கத்தியில் வந்தது. 1945 பிப்ரவரி 13 அன்று, டிரெஸ்டனில் மிச்சமிருந்த யூதர்களுக்கு வெளியேற்ற உத்தரவை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். அன்று ராத்திரி நகரமே குண்டுவீச்சில் எரிந்தது. அந்தக் குழப்பத்தில் கணவரின் கோட்டிலிருந்து மஞ்சள் நட்சத்திரத்தை ஏவா கத்தியால் அறுத்தெடுத்தார். இருவரும் தப்பினார்கள்.

ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருந்த எட்டுப் பேர் தப்பவில்லை. 1943 ஜூலையில், வெளியே போனதும் முதலில் என்ன செய்வோம் என்று அவர்கள் பேசிக்கொண்டதை ஆன் எழுதிவைத்திருக்கிறாள். அக்கா மார்கோட்டுக்கு விளிம்பு வரை வெந்நீர் நிரப்பிய தொட்டியில் ஒரு குளியல். அம்மாவுக்கு ஒரு கப் அசல் காபி. பல் டாக்டர் ஃபிரிட்ஸ் ஃபெஃபருக்குத் தன் சார்லட்டைப் பார்க்க வேண்டும். டைரியில் ஃபெஃபர் சிடுமூஞ்சியாகவே வருவார்; ஒரே அறையைப் பங்குபோட்டுக்கொண்ட பதின்வயதுப் பெண்ணுக்கு அவரைப் பிடிக்கவில்லை. சார்லட் கிறிஸ்தவர் என்பதால் நாஜிகளின் இனச் சட்டமான நூரம்பர்க் சட்டம் அவர்கள் திருமணத்தைத் தடுத்தது. சார்லட் அதே ஊரில்தான் இருந்தார், ஆனால் ஃபெஃபர் எங்கே இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. ஒளிந்திருந்தவர்களுக்கு வெளியிலிருந்து உதவிய மீப் கீஸ் கொண்டுபோய்க் கொடுத்த கடிதங்கள் மட்டும்தான். ஃபெஃபர் 1944 டிசம்பரில் நாய்ன்காம முகாமில் இறந்தார். அவர் இறந்து ஆண்டுகள் கழித்து அந்தத் திருமணம் சட்டப்படி பதிவானது. எட்டுப் பேரில் திரும்பி வந்தவர் ஆனின் அப்பா ஓட்டோ ஒருவர்தான்.

ஆன் தன் முறை வந்தபோது, சந்தோஷத்தில் எதிலிருந்து தொடங்குவது என்றே தெரியாது என்றாள். ஐந்து மாதம் கழித்து, டிசம்பர் 24 அன்று, அவளுக்குத் தெரிந்துவிட்டது. உதவியாளர் ஒருவரின் மனைவி வந்து, தன் மகளின் ஹாக்கி விளையாட்டையும் படகுப் பயணத்தையும் பற்றிப் பேசிவிட்டுப் போயிருந்தார். யாராவது துணியில் காற்றோடும் கன்னத்தில் குளிரோடும் வெளியிலிருந்து உள்ளே வரும்போது போர்வைக்குள் தலையைப் புதைத்துக்கொள்ளத் தோன்றுகிறது என்று எழுதுகிறாள். சைக்கிள் ஓட்ட வேண்டும். ஆட வேண்டும், விசில் அடிக்க வேண்டும், உலகத்தைப் பார்க்க வேண்டும், சுதந்திரமாக இருக்கிறேன் என்று தெரிய வேண்டும். ஆனால் இதை வெளியே காட்டிக்கொள்ள முடியாது. எட்டுப் பேரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தால் அப்புறம் எங்கே போய் முடியும் என்று கேட்கிறாள்.